வேலை செய்யும் அனுமதி எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் 700 பவுண் கொடுத்த கதை

இங்கிலாந்தில் அசைலம் (தஞ்சம்) கேட்டுவிட்டு, கேஸ் முடியும்வரை வேலை செய்ய அனுமதி எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எனக்கு 700 பவுண் போனது. அதைவிட, கேஸே கெட்டுப்போயிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது.

2023 பெப்ரவரியில் அசைலம் கேட்டேன். ஒக்டோபர் ஆகியும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. கொடுப்பனவு வாரத்துக்கு 50 பவுண்கூட இல்லை. அம்மாவோடு கதைக்கும்போதெல்லாம் "வேலை கிடைத்ததா தம்பி?" என்றுதான் கேட்பா. அந்த நிலையில்தான் தெரிந்தவர் ஒருவர் என்னை ஒரு அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கு மேல் ஒரு சின்ன அறை, மேசை நிறைய ஃபைல்கள், வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தே நம்பிவிட்டேன்.

"ஹோம் ஒஃபிஸ் கட்டணம் 400, என்னுடைய வேலைக்கு 300" என்றார். நண்பர்களிடம் கடன் வாங்கிக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "எங்கட ஆக்களுக்குள்ள எதுக்குத் தம்பி ரசீது?" என்றார்.

உண்மையில் இந்த விண்ணப்பத்துக்கு ஹோம் ஒஃபிஸ் (குடிவரவைப் பார்க்கும் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சு) ஒரு பென்னியும் வாங்குவதில்லை. அதோடு, அந்த ஒக்டோபரில் எனக்கு விண்ணப்பிக்கும் தகுதியே வந்திருக்கவில்லை. அசைலம் கேட்டு 12 மாதம் கடந்தும் முதல் முடிவு வராமல் இருக்கவேண்டும். அந்தத் தாமதம் நம்மால் வந்ததாகவும் இருக்கக்கூடாது. இதை அவர் சொல்லவேயில்லை. மாறாக, நேர்காணல் கடிதம் வந்தபோது, "சுகமில்லை என்று தள்ளிப்போடு, நேர்காணல் நடந்தால் ரிஜெக்ட் வரும், பிறகு வேலை அனுமதி கிடைக்காது" என்றார். அப்படிச் செய்திருந்தால் தாமதம் என் கணக்கில் விழுந்திருக்கும். நல்லவேளை, பயத்தில் நான் போய்விட்டேன்.

2024 மார்ச்சில் ஒரு கடிதம் தந்தார். ஹோம் ஒஃபிஸ் முத்திரை மாதிரி ஒன்று, என் பெயர், 'வேலை செய்ய அனுமதிக்கப்படுகிறது' என்று ஒரு வரி. அதை எடுத்துக்கொண்டு ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். மேலாளர் அன்பாகத்தான் கதைத்தா. ஆனால் கடிதத்தை வைத்து எடுக்க முடியாது, ஹோம் ஒஃபிஸின் சரிபார்ப்புச் சேவையில் கேட்டு எழுத்தில் பதில் வந்தால்தான் எடுக்கலாம் என்றா. அனுமதி இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால், 2024 பெப்ரவரியிலிருந்து முதல் தடவையிலேயே ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை அபராதமாம். சில நாளில் பதில் வந்தது: இவருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. அசைலம் கேட்டவர்களுக்கு ஹோம் ஒஃபிஸ் தரும் அடையாள அட்டையான என் ஏஆர்சி கார்டிலும் வேலைக்குத் தடை என்றுதான் இருந்தது. கார்டை நானே ஒழுங்காக வாசித்திருக்கவில்லை.

என் கையில் இருந்தது போலிக் கடிதம். அசைலம் கேஸில் நாம் சொல்வதை நம்புவார்களா என்பதுதான் எல்லாமே. அங்கே போலிக் காகிதம் கொடுத்தவன் என்று பெயர் வந்தால்? இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆங்கில வகுப்பில் கூடப் படித்த ஒரு அக்காதான் இலவச சட்ட உதவி தரும் இடத்துக்குக் கூட்டிப்போனா. அங்கே இருந்த ஆலோசகர் முதலில் அந்தக் கடிதத்தைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைக்கச் சொன்னார். நடந்ததைத் திகதியோடு எழுதவைத்தார். பிறகு ஹோம் ஒஃபிஸிடம் கேட்டுப் பார்த்தோம். என் பெயரில் ஒரு விண்ணப்பமும் போகவில்லை. ஆறு மாதம் அந்த மனுஷன் எதையுமே அனுப்பவில்லை.

சரியான விண்ணப்பத்தை அந்த ஆலோசகர் ஒரே மத்தியானத்தில் நிரப்பி அனுப்பினார், இலவசமாக. ஜூலையில் அனுமதி வந்தது. எந்த வேலையும் செய்யலாம் என்றில்லை. அப்போது குடிவரவுச் சம்பளப் பட்டியலில் (2024 ஏப்ரல் வரை ஆள்பற்றாக்குறைப் பட்டியல் என்று இருந்தது) இருந்த வேலைகள் மட்டும்தான். பராமரிப்பு வேலை அதில் இருந்ததால் அதே இல்லத்தில் சேர்ந்தேன். சுயதொழிலும் செய்யக்கூடாது. சாப்பாடு டெலிவரிக்கு வேறொருவருடைய கணக்கை வாரவாடகைக்குத் தருகிறேன் என்று அந்த அண்ணை முன்பு ஆசைகாட்டியதை இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. அனுமதியில்லாமல் வேலை செய்வது 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உழைத்த காசையே பறிமுதல் செய்யலாம்.

செப்டெம்பரில் என் கேஸ் ரிஜெக்ட் ஆனது. அப்பீல் போட்டிருக்கிறேன். ஏற்கெனவே எடுத்த அனுமதி, அப்பீல் உரிமைகள் முழுதாக முடியும்வரை செல்லும். அதனால் தீர்ப்பாயத்தில் திகதிக்குக் காத்திருக்கும் இந்த நேரத்திலும் வேலைக்குப் போய்வருகிறேன். அந்த அண்ணை சொன்னபடி கேட்டிருந்தால் இதுவும் இல்லை.

காசு கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். இங்கே பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பதே குற்றம். சொலிசிட்டராக இல்லாதவர் என்றால், ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அரச அமைப்பின் இணையப் பட்டியலில் அவர் பெயரைத் தேடுங்கள். நான் முறைப்பாடு கொடுத்தபோது அதன் பெயர் ஓஐஎஸ்சி. 2025 ஜனவரியிலிருந்து குடிவரவு ஆலோசனை ஆணையம் என்று மாற்றிவிட்டார்கள். என் 700 பவுண் இன்னும் திரும்பவில்லை.

அந்த அறைக்கு வெளியே இப்போதும் ஆட்கள் காத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் ஃபைல் அவரிடம் இருந்தால், சண்டை பிடிக்காமல் முதலில் அசல் காகிதங்களைத் திருப்பி வாங்குங்கள். நான் மூன்று தடவை அலைந்துதான் என் பிறப்புச் சான்றிதழை எடுத்தேன்.