காற்புள்ளியோடு இருபது ஆண்டு வழக்கு

கல்முனையிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரேசல் வேர்ப்’ (வினையோடு ‘ஆஃப்’, ‘டவுன்’ போன்ற சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் தொடர்) வந்தாலே பயப்படுகிறாளாம். அந்தத் தொடர்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் சின்ன அகராதி ஒன்று என்னிடம் இருக்கிறது; அதை வாங்கிக் கொடுக்கலாமா என்றார். அன்றைக்குத்தான் அது பைண்டிங் கடையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. ஆத்திரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். ஆறிய பிறகு இதை எழுதுகிறேன்.

2005 தொடக்கத்தில் வாங்கிய புத்தகம். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு முழுவதும் தொண்டு நிறுவனங்களின் வாகனங்கள் ஓடிய நேரம். ஓரளவு ஆங்கிலம் தெரிந்ததால் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பெரிய சொற்களால் தொல்லையில்லை. புட், டேக், கோ என்ற குட்டிச் சொற்கள்தாம் காலை வாரின.

இந்த அகராதியோடு எனக்கு ஒரே வழக்கு, காற்புள்ளி. ஒரு தொடருக்கு நான்கு பொருள் இருந்தால் நான்கையும் ஒரே வரியில் காற்புள்ளி இட்டு அடுக்கிவிடும். ‘கோ ஆஃப்’ என்று தேடினால் வெடி, ஒலி, அணைந்துபோ, கெட்டுப்போ என்றிருக்கும். குண்டென்றால் வெடிக்கும், அலாரமென்றால் ஒலிக்கும், விளக்கென்றால் அணையும், பாலென்றால் கெட்டுப்போகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? தெரியாதவன் ‘ஆஃப்’ என்றால் நின்றுவிட்டது என்றுதானே எடுப்பான்! போன மாதம் என் மகன் ஒரு பயிற்சித்தாளில், கள்வன் ஜன்னலை உடைத்ததும் அலாரம் நின்றுவிட்டது என்று எழுதி வைத்திருந்தான். நல்ல அதிர்ஷ்டக்காரக் கள்வன்.

நான் மகனைத் திட்டவில்லை. திட்ட எனக்கு உரிமையில்லை. நாவலடியிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த முகாமில், அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. வெளிநாட்டு அதிகாரி அதைக் காட்டி, பெயர்களை ‘டேக் டவுன்’ செய்யச் சொன்னார். முதல் நாளிரவுதான் படித்திருந்தேன்: இறக்கு, அகற்று, குறித்துக்கொள். முதல் இரண்டும் மனதில் நின்றன, மூன்றாவது நிற்கவில்லை. நான்கு மூலையிலும் நகத்தால் சுரண்டி, கிழியாமல் உரித்து, மடித்து அவர் கையில் கொடுத்தேன். பெயர் பார்க்க வரிசையில் நின்ற பெண்களில் ஒருவர், “தம்பி, எங்கட பேரை வெட்டிப்போட்டாங்களா?” என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். தமிழ்ச் சொல் தேர்வில் இந்தப் புத்தகத்தைத் தொகுத்தவரின் கைக்கு நான் அடிமை. ‘புட் ஆஃப்’ என்பதற்குத் தள்ளிப்போடு என்கிறார். ‘புட்’ என்றால் போடுதானே. ‘கிவ் இன்’ என்பதற்கு விட்டுக்கொடு; அங்கும் கொடு, இங்கும் கொடு. ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்குப் பராமரி என்று எழுதித் தப்பியிருக்கலாம். பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறார். இதைக் கண்ட இரவு, இவற்றையெல்லாம் நாங்களும் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று தனியே சிரித்தேன். இடையில் எத்தனையோ செயலிகளைத் தொலைபேசியில் இறக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் இந்தச் சுகம் இல்லை.

‘புட் இட் ஆஃப்’ என்று நடுவில் நுழையும் ‘இட்’, ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்குள் மட்டும் ஏன் நுழையாது என்பதைப் பற்றியும் புத்தகம் வாய் திறக்காது. அதைப் பொறுத்துக்கொண்டேன்.

ஆகவே, வாங்கவேண்டாம். படிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் தரும் அகராதிதான் தேவை. என்னுடையதை இரவலும் கேட்கவேண்டாம். காற்புள்ளிக்குக் காற்புள்ளி ஓரத்தில் பென்சிலால் விளக்கம் எழுதி வைத்திருந்தேன். பைண்டிங் செய்தவர் விளிம்பு நேராக வரட்டும் என்று அதையும் சேர்த்து வெட்டிவிட்டார். ‘டேக் டவுன்’ பக்கத்தில் ‘பெயர் என்றால் குறித்’ என்பதுவரைதான் மிஞ்சியிருக்கிறது. மீதியை இப்போது வரிகளுக்கு நடுவே எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘பி’ வரை வந்துவிட்டேன்.