போடி இலவம்பஞ்சு மெத்தை: சொகுசு இல்ல, ஆனா சொகம்

ஆறு மாசம் படுத்து பாத்துட்டுதான் எழுதுறேன், பார்சல் பிரிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடுற ஆளு நான் இல்ல.

மொதல்ல பழைய கதை. ரெண்டு வருசம் முன்னாடி சென்னைல ஒரு பெரிய ஷோரூம்ல மெமரி ஃபோம் மெத்தை எடுத்தேன், பேரு வேணாம். சேல்ஸ் தம்பி மூச்சுக்கு மூச்சு கம்ஃபர்ட் கம்ஃபர்ட்னு சொன்னாரு, "இது நாசா கண்டுபிடிச்சது சார்"னும் சொன்னாரு. அது பொய் இல்ல, 1966ல விமான சீட்டுக்காக நாசாவுக்கு செஞ்ச ஃபோம்தான் அது. ஆனா அந்த சாமான் சூடு பட்டாதான் எளகும், சென்னை மே மாசத்துல அதுக்கு என் உடம்பு சூடே தேவையில்ல, ரூம் சூடே போதும். படுத்தா வயக்காட்டு சேத்துல காலு எறங்குன மாதிரி உள்ள போயிரும், பொரண்டு படுக்கணும்னா ஒரு தடவ முழிச்சுதான் பொரளணும், முதுகு பூரா வேர்வை. போன் பண்ணி கேட்டா "பழகிரும் சார்". செருப்பு கடிச்சாலும் இதத்தான சொல்லுவாங்க.

ஊர்லருந்து வந்த அம்மா ரெண்டு நாள் அதுல படுத்துட்டு மூணாவது நாள் கீழ பாய விரிச்சிட்டாங்க. என்னம்மான்னு கேட்டா, "சொகுசாத்தான்டா இருக்கு, சொகமா இல்ல"ன்னாங்க. ரெண்டும் ஒன்னுதானன்னு அதுவரைக்கும் நெனச்சிட்டு இருந்தேன்.

யோசிச்சு பாருங்க, சொகுசு பஸ், சொகுசு காருன்னு பொருளுக்குதான் அந்த வார்த்தை, ஒரு ஆள பாத்து சொகுசா இருக்கீங்களான்னு யாரும் கேக்க மாட்டோம், அப்படி கேட்டா அது குத்தல். தெலுங்குல சொகசுன்னா அழகு, இங்கயும் அது பாதி கண்ணுக்கான வார்த்தைதான். சுகம் அப்படி இல்ல, அது உடம்புக்குள்ள இருக்குறது. காய்ச்சல் வந்தா சொகமில்லன்னுதான் சொல்றோம். சுகப்பிரசவம்னு ஒரு வார்த்தை இருக்கு, அதுல சொகுசு எங்க இருக்கு, பெத்தவங்கள கேட்டா தெரியும், ஆனாலும் தாயும் புள்ளையும் கொறையில்லாம வந்துட்டா அது சுகம்தான். வெந்நீர் ஒத்தடத்துக்கு இதம்னு சொல்லுவோம், வீட்டுக்கு வரச்சொல்றப்ப உங்க சௌகரியம்போல வாங்கன்னு சொல்லுவோம், வசதிங்குற வார்த்தைய பணக்காரங்க எடுத்துட்டு போயிட்டாங்க, "வசதியான குடும்பம்"னா அவங்க சோபா மெத்துன்னு இருக்குன்னு அர்த்தம் இல்ல. இத்தனைக்கும் சேத்து கடைக்காரங்க கையில ஒரே ஒரு கம்ஃபர்ட்தான் இருக்கு.

சரி மெத்தைக்கு வர்றேன். தேனி பக்கம் ஒரு கல்யாணத்துக்கு போனப்ப அப்படியே போடிநாயக்கனூர் போய் செய்ய சொல்லிட்டு வந்தேன். போடின்னா எல்லாருக்கும் ஏலக்காதான் ஞாபகம் வரும், இலவம்பஞ்சுக்கும் அதுதான் ஊரு. சின்ன கடை, பெரியவர் ஒருத்தர், மீசை புருவம் எல்லாம் பஞ்சு. ஒரு பிடி எடுத்து கையில குடுத்து "கசக்கி பாருங்க தம்பி, வெத தட்டுப்பட்டா வாங்காதீங்க"ன்னாரு. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணில கொஞ்சம் போட்டாரு, நான் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் அது மேலயே மெதந்துச்சு. அந்த நாருக்குள்ள வெறும் காத்து, மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு, அதனால தண்ணி ஏறாது, அந்த காலத்துல கப்பல்ல லைஃப் ஜாக்கெட்டுக்குள்ள இததான் அடைச்சாங்க. வழவழன்னு குட்டையா இருக்குறதால நூல் நூக்க தோதுப்படாது, அதான் நேரா மெத்தை தலகாணிக்கு வந்துருது. சில எடத்துல மில்லு வேஸ்ட் பஞ்ச கலந்து விட்டுருவாங்க, அதனால கண்ணு முன்னாடியே அடைக்க சொல்லுங்கன்னு அவரே சொன்னாரு. எனக்கு அதுக்கு நேரம் இல்ல, அட்வான்ஸ் குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்.

நாலு நாள்ல லாரி சர்வீஸ்ல வந்துரும்னாங்க, பதினோரு நாள் ஆச்சு. இலவு காத்த கிளின்னு ஊர்ல சொல்லுவாங்கல்ல, அந்த கிளி நான்தான், என்ன, கடைசில பஞ்சு வந்தா கிளிக்கு ஏமாத்தம், எனக்கு அதுதான் வேணும். வந்ததும் மொத வேலையா ஓரத்துல தையல பிரிச்சு ஒரு பிடி எடுத்து தண்ணில போட்டேன், மெதந்துச்சு. மனுசன் ஏமாத்தல.

மொத வாரம் ரொம்ப உப்பலா, மூட்டை மேல படுத்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் அமுங்கி கெட்டியாச்சு. இப்ப பொரண்டு படுத்தா முழிப்பு வர்றதில்ல, முதுகு வேர்க்குறதில்ல, காலைல எந்திரிக்கறப்ப இடுப்ப புடிச்சுட்டு ஒரு நிமிசம் ஒக்காந்துருக்குற வேலை போச்சு.

கொறைன்னு பாத்தா இருக்கு. தொவைக்க முடியாது, காபி கொட்டுனா கொட்டுனதுதான். நடுவுல குழி விழும், அதனால மாசம் ஒரு தடவ தலமாடு கால்மாடு மாத்தி திருப்பி போடணும், சில வருசத்துல கட்டி தட்டுனா பிரிச்சு அடிச்சு திரும்ப அடைக்கணும். வீட்ல வீசிங் இருக்குறவங்க இருந்தா யோசிச்சு வாங்குங்க, தையல் வழியா தூசி வரும். முக்கியமா பஞ்சு சட்டுனு தீப்புடிக்கும், கட்டில் பக்கத்துல கொசுவர்த்தி வைக்கவே வைக்காதீங்க.

வெயில்ல போடணும், அதான் பெரிய ரோதனை. மாசம் ஒரு தடவ மூணு மாடி தூக்கிட்டு போய் மொட்டமாடில விரிக்கிறேன், ஹவுஸ் ஓனர் அத ஒரு மாதிரி பாக்குறாரு, போன தடவ "தண்ணி டேங்க் பக்கம் போடாதீங்க"ன்னுட்டாரு. இதுக்கு ஒரு ஸ்டார் கொறைக்கலாம்னுதான் இருந்தேன், பாவம் போடிக்காரர் என்ன பண்ணுவாரு, பதினோரு நாள் இழுத்தடிச்சதுக்கு அரை ஸ்டார் மட்டும் எடுத்துக்கறேன்.