வாசலுக்கு ஜல்லியா, கிராவலா? இரண்டையும் போட்டுப் பார்த்த கதை

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முன்வாசலில் மூன்று வருடத்துக்கு முன்னால் முக்கால் ஜல்லி கொட்டினேன். போன வருடம் பின்கட்டுக்கு வெளியே இருக்கிற திறந்த இடத்துக்குக் கிராவல் அடித்தேன். இன்றைக்கு யாராவது கேட்டால் கிராவல் என்றுதான் சொல்வேன். ஆனால் கிராவல் இறங்கி ஒரே ஒரு ஐப்பசி கார்த்திகை மழைதான் போயிருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று. நம் ஊரில் கிராவல் என்று கேட்டால் வருவது செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த சரக்கு. வெளிநாட்டு வீட்டுப் படங்களில் பாதையெங்கும் பரப்பியிருக்கும் பொடிக்கல்லை நினைத்துக்கொண்டு "கிராவல் ஒரு லோடு" என்று சொன்னால் செம்மண்தான் வந்து இறங்கும். அந்தப் பொடிக்கல்தான் வேண்டுமென்றால் கல் உடைக்கிற கிரஷரில் அரை ஜல்லி, முக்கால் ஜல்லி என்று அளவு சொல்லிக் கேட்க வேண்டும். முக்கால் என்பது 20 மி.மீ., அரை என்பது 12 மி.மீ. ஒன்றரை ஜல்லி, அதாவது 40 மி.மீ., வாசலுக்கு வேண்டவே வேண்டாம், கால் மடங்கும்.

பேவர் பிளாக் நான் போடவில்லை. சித்தப்பா வீட்டில் போட்டிருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது, சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கூழாங்கல், வளவு என்று நாங்கள் சொல்லும் நடுமுற்றத்தின் ஓரத்தில் பூச்சட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் வைத்திருக்கிறேன். அழகுதான், பெரிய இடத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஜல்லிக்கு வருவோம். இறக்கிய அன்றே ஆத்தா சொல்லிவிட்டார்கள், "என்னப்பா, வாசல்ல ரயில் ரோட்டக் கொண்டாந்து கொட்டிட்ட?" எனக்கு அப்போது அது நக்கலாகத்தான் பட்டது. மழை பெய்தால் சேறு கிடையாது, தண்ணீர் தேங்காமல் அப்படியே இறங்கிவிடும், காரை நிறுத்தலாம், ராத்திரி யாராவது வந்தால் சத்தம் கேட்கும். எல்லாம் உண்மை. நான் யோசிக்காமல் விட்டது வாசலில் நிற்கும் வேப்பமரத்தை.

மாசி பங்குனியில் இலை கொட்டும், அடுத்துப் பூ, ஆனி ஆடியில் பழம். மண் தரையாக இருந்தால் விளக்குமாற்றால் நாலு இழுப்பு, வேலை முடிந்தது. ஜல்லியில் ஈர்க்கு விளக்குமாறு போட்டால் இலையோடு கல்லும் சேர்ந்து வரும், மெதுவாகக் கூட்டினால் இலை கல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே மக்கி, அடுத்த மழைக்குள் கல்லுக்கு நடுவே விரற்கடை உயரம் மண். அதில் உதிர்ந்த வேப்பங்கொட்டை முளைத்து, ஆவணியில் என் முன்வாசல் வேப்பங்கன்று நாற்றங்கால் மாதிரி இருந்தது, ஒரு காலையில் உட்கார்ந்து பிடுங்கியதில் ஒரு சட்டி நிறைந்தது. அடியில் பச்சை நிழல்வலை விரித்துத்தான் கொட்டினேன். கோரைக்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை, வலையைக் குத்திக்கொண்டு வருகிறது, பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. கோலத்துக்கும் இடமில்லாமல் போய் வாசற்படிக்குக் கீழே இரண்டடியில் சுருங்கிவிட்டது. மரமில்லாத வாசலுக்கு இந்தக் குறை எதுவும் பொருந்தாது, தாராளமாக ஜல்லி போடுங்கள்.

கிராவலில் சங்கடம் வேறு மாதிரி. எனக்கு முதல் லோடு களிமண்ணாக வந்து இறங்கியது, ஒரு தூறலுக்கே செருப்போடு அப்பியது, திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பார்க்கிற விதம் தெரிந்தது. ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கொழுக்கட்டை மாதிரி பிடியுங்கள். வழுவழுவென்று பிடிபட்டால் களி அதிகம். பிடிபட்டும் ஓரம் லேசாக உதிர வேண்டும், உள்ளங்கையில் சரளை நெருட வேண்டும். வண்டி கிளம்பும் முன் இதைச் செய்துவிடுங்கள், தட்டிய பிறகு பேசிப் பயனில்லை. பரப்பியதும் தண்ணீர் தெளித்து, இரண்டிரண்டு அங்குலமாகத் திமிசு, அதாவது தரை இடிக்கிற கட்டை, போட்டு இறுக்கினால் தரை கல் மாதிரி ஆகிவிடும். செம்மண் கறை வீட்டுக்குள் வரத்தான் செய்யும், எங்கள் வீட்டு ஆத்தங்குடித் தரையில் முதல் மழை மாதம் முழுக்கச் சிவப்புக் கால்தடம்தான், இப்போது குறைந்திருக்கிறது.

இன்னொன்று, பழைய வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. வளவில் விழும் மழைத்தண்ணீர் வெளியே போகிற துவாரம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிராவல் அடிக்க வேண்டும். மேடாக்கிவிட்டால் தெருவுக்கும் ஊருணிக்கும் போக வேண்டிய தண்ணீர் திரும்பி வளவுக்கே வரும்.

ஆர்டர் கணக்கு சுலபம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அது 600 சதுர அடிக்கு 2 அங்குலம் வரும், 400க்கு 3, 300க்கு 4. கிராவல் இறுகும் என்பதால் கால் பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள். டிப்பர்காரர் சொல்லும் யூனிட்டை அப்படியே நம்பாமல் டேப்பை எடுத்துப் பெட்டியின் உள்ளளவைப் பாருங்கள். எனக்கு இரண்டு யூனிட் என்று வந்த வண்டியில் பெட்டி 10 அடி நீளம், ஆறரை அடி அகலம், சரக்கு நின்றது இரண்டரை அடி. பெருக்கினால் 162 கன அடிதான். கேட்டதற்கு "வழியில குலுங்கி அமுங்கிருச்சுண்ணே" என்றார். ஜல்லியை எடை மேடை ரசீதோடு டன்னில் வாங்கினால் இந்த வம்பு குறைவு, ஒரு யூனிட் நாலு டன்னுக்குச் சற்று மேல் நிற்கும். கிராவலுக்கு நடைச்சீட்டு, அதாவது சரக்கைக் கொண்டுபோக அரசு தரும் அனுமதிச் சீட்டு, இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், இல்லாமல் பாதி வழியில் வண்டியைப் பிடித்தால் உங்கள் வேலையும் நின்றுவிடும். டிப்பர் தூக்கும்போது மேலே கரண்ட் கம்பி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. பின்வாசல் வண்டி புகாத அளவென்றால் டிராக்டர் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெருவில் தட்டி, சட்டியில் சுமக்கிற கூலி சரக்கு விலையைத் தொட்டுவிடும்.

முன்வாசல் ஜல்லியைத் தை மாதம் அள்ளிவிட்டேன். பாதியைத் தாழ்வாரத்து ஓட்டுத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குப் பட்டையாகப் போட்டிருக்கிறேன், மண் குழி பறிக்காமல் இருக்க அதைவிட நல்லது இல்லை. மீதி அரை யூனிட் பின்வாசல் மூலையில் குவியலாகக் கிடக்கிறது. அதன் மேலும் வேப்பங்கன்று முளைத்தாயிற்று.