நம்பர் 4 லீ-என்ஃபீல்ட்: போர்க்காலத்ததா, பட்டறைக்குப் போய் வந்ததா, கடைசியில் செய்ததா?

பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளை வாங்க நினைக்கும் சேகரிப்பாளர்களிடம் எல்லாரும் ஒரே ஆலோசனைதான் சொல்கிறார்கள்: 1950களில் செய்தது என்றால் யோசிக்காமல் எடு, 1942 என்று பொறித்திருந்தால் விட்டுவிடு. எனக்கு இதில் முழுச் சம்மதம் கிடையாது. ஆண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் அருமையான துப்பாக்கியைக் கைவிடவும், சுமாரான ஒன்றைக் கூடுதல் விலைக்கு எடுக்கவும் நேரும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து முதல் வடிவமான மார்க் 1-ஐ முதலில் பார்ப்போம். இங்கிலாந்தில் ஃபசாக்கர்லி, மால்ட்பி, பர்மிங்காம் பக்கத்து ஷெர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் ஆலை என மூன்று இடங்களில் செய்தார்கள். அவசரம் எவ்வளவு என்பது இரும்பிலேயே தெரியும். ரிசீவரின், அதாவது குழல் பொருந்தும் இரும்பு உடலின், பக்கவாட்டில் விரலை ஓட்டினால் கடைசல் வரிகள் தட்டுப்படும், பின்பக்கக் குறிகாட்டி 300, 600 கஜம் என்று இரண்டே துளைகளோடு மடக்கும் தகடாக இருக்கும், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டும் ஐந்து வரிப்பள்ளங்களுக்குப் பதில் சிலவற்றில் இரண்டுதான். ஆனால் இரண்டு வரிக் குழல் சுடுவதில் பின்தங்கவில்லை. சோதித்துப் பார்த்த பிறகுதான் அதை அனுமதித்தார்கள். மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கிறது என்பதற்காக உள்ளே அளவுகளும் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

மார்க் 1-இன் உண்மையான பலவீனம் விசையில் இருக்கிறது. அதில் விசை, அடியில் இருக்கும் விசைக்காப்பு வளையத்தில் மாட்டியிருக்கும். அது தள்ளிவிட வேண்டிய கொக்கியோ மேலே ரிசீவரில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மரக்கட்டை. மழைக்காலத்தில் கட்டை ஊதினாலோ, வெயிலில் சுருங்கினாலோ இந்த இடைவெளி மாறும், உடனே விசையின் இரண்டு கட்ட இழுப்பும் மாறிவிடும். நேற்று முதல் இழுப்பு முடிந்து தெளிவாக ஓர் இடத்தில் நின்ற விசை, இன்று ஒரே இழுப்பில் விட்டுவிடும். சுடுபவனுக்கு இதைவிட எரிச்சல் வேறு இல்லை.

1949-இல் ஃபசாக்கர்லியில் தொடங்கிய மார்க் 2 இதைத்தான் சரிசெய்தது. விசையை நேராக ரிசீவரிலேயே தொங்கவிட்டார்கள், கட்டை ஊதினாலும் சுருங்கினாலும் விசைக்குப் பாதிப்பில்லை. அதற்காக முன்கட்டையின் பின்முனையை வெட்ட வேண்டியிருந்தது, அங்கே கட்டை பிளந்துவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு போல்ட்டும் நட்டும் போட்டார்கள். அயர்லாந்து ராணுவத்துக்கு என்று செய்து, மெழுகுக் காகிதமும் கிரீஸுமாகச் சுற்றி, சுடப்படாமலேயே பிற்பாடு சந்தைக்கு வந்த மார்க் 2 துப்பாக்கிகளைப் பார்த்தால், வேலைப்பாட்டில் 1942-க்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பது புரியும்.

இப்போது நடுவில் இருப்பது, அதாவது எஃப்.டி.ஆர். என்று சொல்லும் முழுச் சீரமைப்புக்குப் போய் வந்தவை. பழைய மார்க் 1-ஐ முழுக்கப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, ரிசீவரின் அடியில் விசைக்கான பிடியைப் பொருத்தி மார்க் 1/2 ஆக்கினார்கள். ரிசீவரின் இடப்பக்கத்தில் மின்பேனாவால் கிறுக்கியது போன்ற மெல்லிய எழுத்தில் புதிய பெயர், எஃப்.டி.ஆர்., தேதி எல்லாம் இருக்கும். அதற்கு மேல் பாஸ்பேட் பூச்சு, அதற்கும் மேல் கெட்டியான கறுப்புப் பெயின்ட். இந்தப் பெயின்ட் பழைய கடைசல் வரிகளை நன்றாக மறைத்துவிடும் என்பதால் வெளித்தோற்றத்தை வைத்து ஏமாறாதீர்கள். விசை விஷயத்தில் மார்க் 2-க்கு இது கொஞ்சமும் சளைத்ததல்ல, விலையும் பெரும்பாலும் குறைவு. என் ஓட்டு இதற்குத்தான்.

மார்க் 1/3-இல் மட்டும் நிதானம் தேவை. அது கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையிலும் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனத்திலும் செய்த மார்க் 1 ஸ்டார் துப்பாக்கியை இதேபோல் மாற்றியமைத்தது. வேலைப்பாட்டில் லாங் பிராஞ்ச் மிக நேர்த்தி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உற்பத்தியை எளிதாக்க தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளையான போல்ட்டைக் கழற்றும் தனிப் பிடியை எடுத்துவிட்டு, போல்ட் ஓடும் தண்டவாளத்திலேயே ஒரு வெட்டு விட்டார்கள். அந்த வெட்டின் ஓரம் உடைந்திருந்தால் போல்ட் தலை ஓட்டத்தின் நடுவிலேயே அங்கே கழன்றுகொள்ளும். பெயின்ட் புதிதாக இருந்தாலும் டார்ச் அடித்து அந்த ஓரத்தைப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் போல்ட் கைப்பிடியின் பின்புறம் இருக்கும் எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் போல்ட் தலையில் 0 முதல் 3 வரை ஓர் எண் இருக்கும், எண் ஏற ஏற நீளம் கூடும், தேய்மானத்தால் வரும் இடைவெளியை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. ஏற்கெனவே 3 போட்டும் ஹெட்ஸ்பேஸ் எனப்படும் அந்த இடைவெளியைச் சோதிக்கும் அளவுகோலில் தோற்கிறது என்றால், அது மார்க் 2 ஆகவே இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.