பைதன் எஃப்என்மேட்ச் ஆவணம்: அட்டவணை வடிவு, பந்திதான் சறுக்குது

நல்லூர் திருவிழாப் படங்களைப் பேர் பாத்துப் பிரிக்கிறதுக்கு ஃபைல் பேரைக் குறி வச்சுப் பொருத்திப் பாக்கிற பைதன் தொகுதி எஃப்என்மேட்ச்தான் (fnmatch) பாவிக்கிறன், அதின்ர ஆவணத்தைச் சும்மா சொல்லக்கூடாது, வடிவாத்தான் கிடக்கு. நட்சத்திரம், கேள்விக்குறி, சதுர அடைப்பு, ஆச்சரியக்குறி போட்ட அடைப்பு எண்டு நாலு தேடல் குறியையும் ஒரு அட்டவணைக்க போட்டிருக்கினம், குறியெல்லாம் கோட் எழுத்துரு, வசனத்தோட கலந்துபோகாது. உண்மையான கேள்விக்குறியையே தேடோணும் எண்டா [?] எண்டு போடுங்கோ எண்டதும் கீழயே இருக்கு, கம்பஸ் பெடியளுக்கு இது காணும்.

ஆனா நட்சத்திரம் ஃபோல்டர் பேரைப் பிரிக்கிற சாய்கோட்டையும் தாண்டிப் பொருந்தும், புள்ளியில துவங்கிற மறைஞ்ச ஃபைலையும் பிடிக்கும், இந்தப் பெரிய விசயம் சாதாரணப் பந்தியில கிடக்கு, குளோப்பில (இதே குறியளால ஃபைல் தேடுற மற்றப் பைதன் தொகுதி, அங்க நட்சத்திரம் சும்மா இப்பிடித் தாண்டாது) பழகின ஆக்கள் கட்டாயம் இடறுவினம், அதையெல்லோ பெட்டி கட்டிப் போட்டிருக்கோணும். உதாரணமும் இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்.