சல்லேரி வழியாக எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரம், ஜீப்புக்கு ஒன்றரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவரெஸ்ட் நடை வழக்கமாகத் தொடங்கும் மலையூரான லுக்லாவுக்குப் போகும் விமானத்தில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒருத்தி எழுதும் மதிப்பீடு இது. 527 மீட்டர் நீள ஓடுதளம், அதுவும் கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவு, ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். நான் கணக்கு டீச்சர். இந்த எண்களைப் படித்துவிட்டு ஏறும் தைரியம் எனக்குக் கிடையாது.

வயது 53. படியிறங்கும்போது இரண்டு முழங்காலும் சத்தம் போடும். கூட வந்தது என் ஓரகத்தி. கொழுந்தன் மனைவியோடு 17 நாள் ஒரே அறையில் தங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் மலையைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

காத்மாண்டுவின் தமேலில் உள்ள ஒரு மலையேற்ற நிறுவனத்தில் பதிவு செய்தோம். பெயர் வேண்டாம். அவர்களிடம் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று விமானத்தில் லுக்லா போய் அங்கிருந்து நடப்பது. இன்னொன்று ஜீப்பில் சல்லேரி போய், அங்கிருந்து நான்கு நாள் நடந்து பாக்டிங்கில் பெரிய பாதையோடு சேர்வது. இரண்டாவதை 'சிக்கனத் திட்டம்' என்று போட்டிருந்தார்கள். விமானத்துக்குக் காசில்லாதவர்களுக்கு ஒரு மாற்று, அவ்வளவுதான் என்கிற தொனி. எனக்கு இந்த நிறுவனத்தின் மேல் இருக்கிற பெரிய குறையே அதுதான். அவர்கள் விற்றதில் மிக நல்ல சரக்கு எது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சரி, ஜீப்பில் ஆரம்பிக்கிறேன். 'எட்டு மணி நேரம், வசதியான இருக்கை' என்று எழுதியிருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு சபாஹிலில் ஒரு பொலேரோவில் ஏறினோம். நடுவரிசையில் மூன்று பேர் என்று சொல்லியிருந்தார்கள், நான்கு பேர் இருந்தோம். பின்னால் நான்கு பேர், அவர்கள் காலடியில் வெங்காய மூட்டை. என் மடியில் யாரோ ஒருவருடைய டிவி, அட்டைப்பெட்டியோடு. துலிகேல் வரை சாலை நன்றாகவே இருந்தது. அதற்கப்புறம் ஜப்பான் உதவியில் போட்ட பி.பி. நெடுஞ்சாலை. ரோசி ஆற்றங்கரையில் 2024 செப்டம்பர் வெள்ளம் அதைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போயிருக்கிறது. அங்கெல்லாம் ஆற்றுப்படுகையிலேயே கூழாங்கல் மேல் வண்டி ஊர்ந்தது. குர்கோட்டில் திரும்பி சுன்கோசி ஓரமாகப் போனபோதுதான் கொஞ்சம் கண்ணயர முடிந்தது. ஒகல்துங்காவில் டிவிக்காரர் இறங்கினார். அவரைவிட எனக்குத்தான் அதிக நிம்மதி. சல்லேரி சேர்ந்தபோது இரவு ஏழரை. எட்டு மணி நேரம் பதினான்கரை ஆகியிருந்தது.

தாமதத்துக்கு நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சாலையில் யாராலும் நேரம் சொல்ல முடியாது. ஆனால் சொல்ல முடியாத நேரத்தை எட்டு என்று அச்சடித்தது யார்? முழு ஜீப் வேண்டுமா, பகிர்ந்து போகிறீர்களா என்றுகூட எங்களிடம் கேட்கவில்லை. இந்தப் பாதையில் போகிறவர்கள் மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் சரி, ஜீப்பில் நடுவரிசையில் ஒரு சீட்டை உபரியாக வாங்கிவிடுங்கள். முழங்கால்கள் நன்றி சொல்லும்.

வழிகாட்டி எங்களை சல்லேரியில் சந்தித்தார். நாற்பதைத் தொடும் வயது. எங்கள் இருவரையும் 'திதி' என்றார். நேபாளியில் அக்கா. ஓரகத்தி என்னை அக்கா என்பாள், அவர் இருவரையும் அக்கா என்பார், ஆக மொத்தம் அந்தக் குழுவில் எல்லோருக்கும் மூத்தவள் நான்தான். சுமை தூக்க வந்த தம்பி கரிக்கோலாக்காரர். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

முதல் நாள் ரிங்மோ வழியாக 3,071 மீட்டர் உயர தக்சிந்து கணவாய் ஏறி, நுந்தலாவுக்கு இறங்கினோம். ரிங்மோ ஆப்பிளுக்குப் பேர்போன ஊர். அக்டோபர் என்பதால் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடை கூடையாக இருந்தது. கணவாயிலிருந்து இறங்குவது ஏறுவதைவிட மோசம். கிட்டத்தட்ட 900 மீட்டர் ஒரே இறக்கம். வழிகாட்டி எனக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு உயரமான கல்லிலும் திரும்பி நின்று ஊன்றுகோலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். வேகமாக நட என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் நுந்தலாவிலிருந்து தூத்கோசி ஆறு வரை இறங்கி, தொங்குபாலம் தாண்டி, ஜூபிங், கரிக்கோலா வழியாக புப்சா வரை ஏறினோம். ஆற்றங்கரை 1,500 மீட்டர்தான். வியர்த்துக் கொட்டியது. பனிமலைக்குப் போகிறோம் என்று வாங்கிய கம்பளி எல்லாம் மூட்டையில் கிடக்க, நாங்கள் கேழ்வரகு வயல் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். ஆமாம், கேழ்வரகு. அங்கே கோதோ என்கிறார்கள்.

கரிக்கோலாவில் சுமை தூக்கும் தம்பியின் வீடு பாதையை ஒட்டியே இருந்தது. அவர் அம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் அடுப்பை மூட்டிவிட்டார். தீதோ, அதாவது மாவைக் கொதிநீரில் போட்டுக் கிண்டியது, கூடவே குந்த்ருக் என்கிற புளிக்கவைத்த கீரைக் குழம்பு. மகனைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகியிருந்ததாம். மகனும் அம்மாவும் பேசியது எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் 'ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா' என்று அவர் கேட்ட இடம் மட்டும் நன்றாகப் புரிந்தது. லுக்லாவில் இறங்குகிறவர்களுக்குச் சுமை தூக்குகிறவர் விமான நிலைய வாசலில் முளைக்கிற ஒரு ஆள். எங்களுக்கு அவர் அந்த அம்மாவின் மகன். அன்றிலிருந்து எங்கள் மூட்டையின் எடையை ஓரகத்தி தினமும் காலையில் கையால் தூக்கிப் பார்ப்பாள். இரண்டு டப்பா பேரீச்சம்பழத்தை அங்கேயே அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

இந்தப் பாதையில் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் உங்களைவிட அதிகம். கேஸ் சிலிண்டர், அரிசி, பீர் எல்லாம் இப்படித்தான் மேலே ஏறுகின்றன. மணிச்சத்தம் கேட்டால் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் நிற்கவே கூடாது. சாணியைப் பற்றி விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜீப் சாலை சல்லேரியோடு நிற்கவில்லை. தாம்டாண்டா வரை ஏறிவிட்டது, அதற்கு மேலும் தோண்டுகிறார்கள். சில இடங்களில் நடைபாதையும் அதுவும் ஒன்றுதான், புழுதி கண்ணை மறைக்கிறது. அமைதியான காட்டுப்பாதை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பாதி உண்மை.

மூன்றாம் நாள் பையா, நான்காம் நாள் சுர்க்கே வழியாகச் சௌரிகர்க்கா ஏறி பாக்டிங். பையாவைத் தாண்டியதும் எதிர் மலையில் லுக்லா ஓடுதளம் தெரிந்தது, பலகைத் துண்டைச் சாய்த்து வைத்தது போல. எட்டு நிமிடத்தில் மூன்று விமானங்கள் இறங்கின. எண்ணினேன், பழக்கதோஷம். 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் இருந்த குழு காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்தே நடந்துதான் வந்தது, இந்த ஓடுதளம் 1964-இல்தான் வந்தது என்று வழிகாட்டி சொன்னார். அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். சல்லேரி 2,390 மீட்டர், பாக்டிங் 2,610. நான்கு நாள் ஏறி இறங்கியதில் நிகர லாபம் 220 மீட்டர். ஓரகத்தி, "இதை வீட்டில் மட்டும் சொல்லிடாதீங்க அக்கா" என்றாள்.

ஆனால் அந்த 220 மீட்டர் சும்மா போகவில்லை. லுக்லாவில் இறங்கியவர்கள் கீழேயிருந்து அரை மணிக்குள் 2,860 மீட்டருக்கு வந்து, மறுநாளே 3,440 மீட்டரில் உள்ள நாம்சே ஏறுகிறார்கள். நாம்சே ஏற்றத்தில் அவர்கள் பத்தடிக்கு ஒரு முறை நின்றார்கள். நாங்கள் மெதுவாக, ஆனால் நிற்காமல் போனோம். கால்களுக்கும் மூச்சுக்கும் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது.

நாம்சேவுக்கு மேலே நடப்பதை ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், அதனால் திண்போசேயில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இந்த மதிப்பீட்டை எழுதக் காரணமே அதுதான். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு அதிகமாக ஏற்றக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது எல்லா மருத்துவர்களும் சொல்வது. விமானத் திட்டத்தில் 4,410 மீட்டரில் இருக்கும் திண்போசேயில் ஓய்வு நாள் இருந்தது. எங்கள் சிக்கனத் திட்டத்தில் இல்லை. 'நீங்கள்தான் கீழிருந்தே நடந்து பழகிவிட்டீர்களே' என்பது அவர்கள் விளக்கம். இது தப்புக் கணக்கு. கீழே நடந்தது காலுக்குப் பழக்கம். 4,000 மீட்டருக்கு மேல் உடம்பு புதிதாகத்தான் பழக வேண்டும்.

திண்போசே போன அன்று மாலையே ஓரகத்திக்குத் தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை. வழிகாட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தாள், தூங்கினாளா, வாந்தி வருகிறதா என்று கேட்டார். நேராக ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். அப்புறம் வெளியே போய் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஓய்வு எடுத்தால் கூடுதல் நாளுக்குக் கட்டணம் என்று அலுவலகம் சொன்னதாம். திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "திதி, நாளைக்கு ஓய்வு. தலைவலி கூடினால் மேலே போக மாட்டோம், கீழே போவோம். பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்." மறுநாள் மத்தியானம் அவளுக்குச் சரியாகிவிட்டது, இரண்டு தட்டு தால்பாத், அதாவது பருப்பும் சோறும், சாப்பிட்டாள். திரும்பி வரும்போது இரண்டு நாள் நடையை ஒன்றாக்கி அந்த நாளை ஈடு கட்டிவிட்டார். பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. அவருக்கு ஐந்து நட்சத்திரம் போடுவது அதற்காகத்தான். ஆறு போட இடமில்லை.

பேஸ் கேம்புக்கு முன்னால் தங்கும் கடைசி இடமான கோரக்ஷேப்பில் எங்களுக்குள் ஒரு சண்டை. 5,364 மீட்டரில் உள்ள பேஸ் கேம்பிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. பக்கத்தில் உள்ள காலாபத்தர் குன்றில் ஏறினால்தான் தெரியும். இத்தனை தூரம் வந்து பேர் போன இடத்தில் கால் வைக்காமல் போவதா என்பது என் கட்சி. மலையைப் பார்க்காமல் கூடாரத்தைப் பார்த்து என்ன செய்வது என்பது அவள் கட்சி. நான் அன்று மத்தியானம் பேஸ் கேம்ப் போனேன், அவள் தூங்கினாள். அவள் மறுநாள் விடியற்காலை காலாபத்தர் ஏறினாள், நான் இரண்டு ரஜாய்க்குள் கிடந்தேன். வழிகாட்டி இரண்டுக்கும் வந்தார், பாவம். தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும் உயரம் அது. எவ்வளவு கொதித்தாலும் டீ வாய்க்குச் சூடாகவே இல்லை.

செலவு பற்றி: கரிக்கோலா பக்கம் தால்பாத் 450 நேபாள ரூபாய், கோரக்ஷேப்பில் 1,100. இரண்டு இடத்திலும் கேட்கக் கேட்கச் சோறு போடுவார்கள். மேலே போன் சார்ஜ் போடுவது, வைஃபை, வெந்நீர்க் குளியல் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. குளியலை நாங்கள் நாம்சேவோடு மறந்துவிட்டோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டினருக்கு 3,000 ரூபாய், சார்க் நாட்டவருக்கு 1,500, வரி தனி. நிறுவனம் எங்கள் இருவரிடமும் ஆளுக்கு 3,000 வாங்கியிருந்தது. மோன்ஜோ சோதனைச் சாவடிப் பலகையைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

திரும்பும்போது லுக்லாவில் மேகம் மூடியிருந்தது. இரண்டு நாளாக விமானம் இல்லை என்று பாதையில் எதிர்ப்பட்டவர்கள் சொன்னார்கள். நாங்கள் சௌரிகர்க்கா வழியாகவே இறங்கி, தாம்டாண்டாவில் ஜீப் பிடித்தோம். இந்த முறை நடுவரிசையில் ஒரு சீட்டு உபரியாக வாங்கினேன். அதில் என் பை உட்கார்ந்து வந்தது.

பூங்காக் கட்டண வித்தியாசத்தைக் கேட்டு நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். மன்னிப்புக் கேட்டார்கள், உடனே அனுப்புகிறோம் என்றார்கள். ஓரகத்தியின் 1,500 வந்துவிட்டது. என்னுடையது இன்னும் வரவில்லை.