ராப்டர் 700-இன் முன் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங்கா, ஷாக்கா, அகல ஆர்மா?

யமஹா ராப்டர் 700 வந்தது 2006-இல். அன்றிலிருந்து அமெரிக்காவில் வார இறுதிக்கு மட்டும் குவாட் (மண், மணல் பாதைகளில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) எடுப்பவர்களிடம் அதிகம் காணப்படும் வண்டிகளில் இதுவும் ஒன்று. 686 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜினைப் பற்றிக் குறை சொல்பவர்கள் குறைவு. புகாரெல்லாம் முன்பக்கத்தைப் பற்றித்தான். அடிப்படை மாடலின் முன் ஷாக்கில் நாம் தொடக்கூடியது ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) ஒன்றுதான், அதுவும் ஐந்து படிகள். 700ஆர் மாடலில் தனி ரிசர்வாயரோடு (கூடுதல் எண்ணெய்க் குடுவை) கம்ப்ரஷன் (ஷாக் அமுங்கும் வேகம்), ரீபவுண்ட் (மீண்டு விரியும் வேகம்) எல்லாவற்றையும் திருகி மாற்றலாம். ஆனால் இரண்டிலும் முன்சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் ஒன்றே: 9.1 அங்குலம். இந்த வகை வண்டிக்கு அது தாராளம். ஆகவே, 'டிராவல் போதவில்லை' என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போகிறவர்களுக்கு உண்மையில் போதாமல் இருப்பது வேறு ஏதோ ஒன்று.

எது என்று தெரிய, முதலில் புகாரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கல், வேர், வரிசையாக வரும் மேடுகள் ஆகியவற்றின் மேல் ஓடும்போது ஹேண்டில்பார் கையை உதறுகிறதா, ஷாக் கடைசிவரை அமுங்கி இடிக்கிறதா? அது ஸ்பிரிங், டாம்பிங் (எண்ணெயால் ஷாக்கின் அசைவை அடக்குவது) சம்பந்தப்பட்டது. வேகமாகத் திரும்பும்போது வண்டி சாய்ந்து உள்பக்கச் சக்கரம் தரையை விடுகிறதா? அது பெரும்பாலும் அகலம் சம்பந்தப்பட்டது. முதல் நோய்க்கு இரண்டாவது நோயின் மருந்தை வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் பணம் வீணாகும் இடம்.

அகலத்துக்கு மிக மலிவான வழி வீல் ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தடித்த வட்டு. அரை மணி நேர வேலை, வண்டியும் அகலமாகிவிடும். ஆனால் டயர் தரையைத் தொடும் இடம் மட்டும் வெளியே போகிறது. சக்கரம் திரும்பும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடைவெளி கூடக்கூட, ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மோதினால் ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பேரிங்கிலும் சுமை ஏறும். முன்பக்கத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, ஷாக்குக்கு வருவோம். ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆகாது, வண்டியின் உயரம்தான் ஏறும். ஸ்பிரிங் உங்கள் எடைக்குச் சரியா என்று பார்க்க அளவு நாடா போதும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது, சக்கர நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்து அதையே இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இறக்கியவுடன் அளக்கக் கூடாது. அமுங்கும்போது முன் டயர்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். தரை பிடித்துக்கொள்வதால் வண்டி பொய்யாக உயர்ந்து நிற்கும். கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்தால் சரியாக வரும். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ப்ரீலோடு கடைசிப் படியில் இருந்தும் 4 அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது.

கம்பெனி ஸ்பிரிங் சராசரி எடையை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 60 கிலோக்காரருக்கும் 110 கிலோக்காரருக்கும் அது ஒருசேரப் பொருந்தாது. எடை அதிகமானவர், வேகம் மிதமானவர் என்றால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். ஷாக்கைத் திறந்து புது எண்ணெய் ஊற்றி, உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் ஷிம் எனும் மெல்லிய தட்டுகளை மாற்றியடுக்குவது அடுத்த படி. ஆனால் எல்லா ஷாக்கும் திறந்து வேலை பார்க்கும்படி கட்டப்பட்டதல்ல. சஸ்பென்ஷன் கடையில் பார்ட் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடிப்படை மாடல் வைத்திருப்பவருக்கு என் முதல் சிபாரிசு, பழைய 700ஆர் ஷாக் ஒரு ஜோடி. போல்ட்டுக்கு போல்ட் அப்படியே பொருந்தும். ஆர் மாடல் வாங்கியவர்கள் விலையுயர்ந்த ஷாக்குக்கு மாறும்போது கழற்றி விற்பதால், விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கும். வாங்கிய விலையோடு எண்ணெய், சீல், நைட்ரஜன், உங்கள் எடைக்கான ஸ்பிரிங் என்று செலவு செய்தாலும் புது ஷாக் விலையைத் தொடாது. ரிசர்வாயர் இருப்பதால் எண்ணெய் அதிகம், சூடு மெதுவாக ஏறும். நீண்ட மேட்டு வரிசையின் முடிவில் டாம்பிங் தளர்ந்துபோவது குறையும்.

இதற்கு எதிரில் நிற்பவை இரண்டு. ஒன்று, கனடாவின் எல்கா போன்றவர்கள் ஓட்டுபவரின் எடையையும் ஓட்டும் இடத்தையும் கேட்டு அமைத்துத் தரும் காயில் ஸ்பிரிங் ஷாக். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிரிங் அடுக்கி, முதல் பாதி மென்மையாகவும் கடைசிப் பகுதி கடினமாகவும் இருக்கும்படி செய்வார்கள். சிறு கல்லில் இதமும் பெரிய குதிப்பில் தாங்கலும் சேர்ந்து கிடைப்பது இதில்தான். உயர்ந்த வகைகளின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். பந்தயத்துக்குப் போகாதவருக்கு அந்தக் கூடுதல் பணத்துக்கு ஈடாகக் கூடுதல் பலன் கிடைக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று, ஃபாக்ஸ் ஃப்ளோட் வகை காற்று ஷாக். இரும்பு ஸ்பிரிங்கே இல்லை என்பதால் எடை குறைவு. அப்பாவும் பதினாறு வயது மகனும் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுகிற வீட்டுக்கு இது அருமை. சிறிய கைப்பம்பால் காற்றை ஏற்றி இறக்கினால் ஸ்பிரிங்கையே மாற்றியது போல. ஆனால் சிலவற்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சில பிஎஸ்ஐ மாறினாலே நடத்தை மாறும் என்பதால் டயர் கேஜும் பெட்ரோல் பங்க் காற்றும் உதவாது. வெயிலில் ஷாக் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். காலையில் இதமாக இருந்த வண்டி மதியம் விறைப்பது இதனால்தான். சீல் கசிந்தால் அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். ஓட்டும் முன் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்க்கும் பொறுமை இல்லாதவர் காயிலோடு நிற்பது நல்லது.

அப்புறம் அகல ஏ-ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் A வடிவக் கை. கடைகளில் '+2+1' என்று எழுதியிருப்பார்கள்: பக்கத்துக்கு 2 அங்குலம் அகலம், சக்கரம் 1 அங்குலம் முன்னால். ஸ்பேசர் போலன்றி, சக்கரம் திரும்பும் அச்சும் சேர்ந்தே வெளியே போவதால் ஸ்டியரிங் கெடாது. திருப்பத்தில் உறுதி, செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கும் பயம் குறைவு, கேம்பரையும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) காஸ்டரையும் (திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாற்றும் வசதி. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடு போன்ற திறந்தவெளியில் இதன் அருமை தெரியும்.

பழைய ஷாக்கை அப்படியே விட்டு ஆர்மை மட்டும் மாற்றுவதில்தான் சிக்கல். எளிய கணக்குக்கு ஆர்ம் 14 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அது 16 ஆகி, ஷாக் பிடிக்கும் இடம் மாறாவிட்டால், நெம்புகோல் விகிதம் 14/16. சக்கரத்தில் உணரும் விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கமாகக் குறையும். அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடும். முன்பே மெலிதாக இருந்த ஸ்பிரிங் இப்போது தொய்ந்துவிடும். ஆகவே ஆர்ம் வாங்கினால் அதற்கென அமைத்த ஸ்பிரிங்கும் வால்விங்கும், நீளமான டை ராடும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) பிரேக் ஹோஸும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். லாங் டிராவல் ஆர்ம் (சக்கரம் மேலும் கீழும் அதிக தூரம் போகும்படி அமைத்தது) என்றால் ஷாக்கின் நீளமே வேறு, பழையது பொருந்தாது.

காட்டுப் பாதையில் ஓட்டுபவருக்கு இன்னொரு தடை இருக்கிறது. அமெரிக்க வனத்துறையின் பல பாதைகளில் 50 அங்குல அகலத்துக்கு மேல் அனுமதி இல்லை. ராப்டர் 700-இன் அகலம் 46.1. இரு பக்கமும் 2 அங்குலம் சேர்த்தால் 50.1! அந்த ஒரு புள்ளிக்காக, சக்கரத்தை உள்ளே இழுக்கும் 4+1 ஆஃப்செட் ரிம்முக்கு மாற வேண்டிவரும், அல்லது +1 ஆர்மோடு 48.1-இல் நிற்கலாம். மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் மாதிரியான மலைக்காட்டுப் பாதைகளில் மரங்களுக்கிடையே நுழைந்து போகிறவருக்கு நான் ஆர்மையே சொல்ல மாட்டேன். அங்கே ஆர் ஷாக்கும் சரியான ஸ்பிரிங்கும் போதும்.

ஆர்ம் மாற்றியே தீருவேன் என்பவர், பூட்டிய கையோடு மணலுக்குக் கிளம்ப வேண்டாம். ஹேண்டிலை நேராகக் கட்டி, ஓட்டுபவரின் எடையை ஏற்றி, இரண்டு முன் டயர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை முன்விளிம்பில் ஒரு முறையும் பின்விளிம்பில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். முன்னால் கால் அங்குலத்துக்குள் குறுகி இருக்க வேண்டும். விரிந்திருந்தால் வண்டி நேராகப் போகாமல் அலையும்.